அரசர் தோட்டத்துப் பிசின் மரம்

வறண்ட நிலத்தில் வளர்ந்து, பட்டையைக் கீறினால் மணப்பிசின் சொரியும் அரிய மரங்களைத் தேடிக் கொணர்ந்து வளர்க்கும் விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி.மு. 15-ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அரசி ஹட்செப்சுட், புந்து நாட்டிலிருந்து 31 நறும்பிசின் மரங்களை வேரோடு கப்பலேற்றி வரச் செய்தாள். மரங்களைக் கூடைகளில் சுமந்துவரும் அக்காட்சியைத் தேர் எல் பஹ்ரி கோயிற் சுவரில் இன்றும் காணலாம்.

அரியதொன்றைத் தனக்கென்றே வைத்துக்கொள்வதன் விளைவை நமக்கு உணர்த்துவதோ யூதேயாவின் பிசின் மரம். அது முற்காலத்தில் இரண்டே தோட்டங்களில் வளர்ந்தது, இரண்டும் அரசருக்கு உரியவை என்று கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானிய அறிஞர் பிளினி குறிக்கிறார். இரும்பு பட்டால் மரம் கெடும் என அஞ்சிக் கண்ணாடி, கல், எலும்பு ஆகியவற்றாலான கத்திகளால் பட்டையைக் கீறினராம். உரோமரோடு நிகழ்ந்த போரில் யூதர் அதனை அழிக்க முயன்றனர். உரோமர் காத்து நின்றனர். ஒரு புதருக்காகவே போர் நடந்தது என்கிறார் அவர்.

சாக்கடற்கரை ஊராகிய எங்கேதியின் பழைய தொழுகைக்கூடத் தரையெழுத்து, ஊரின் இரகசியத்தை வெளியிடுவோரைச் சபிக்கிறது. அவ்விரகசியம் இப்பிசின் தொழிலே என்பர் ஆய்வாளர் சிலர். காலப்போக்கில் யூதேயத் தோட்டங்கள் மறைந்தன. கெய்ரோவை அடுத்த மத்தரியாவில் சுல்தான்களின் காவலில் இருந்த தோட்டமும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட்டுப்போயிற்று. அரேபியாவில் இன்றும் காடுகளில் வளரும் ஓரினமே அம்மரம் எனப் பலரும் கருதுகின்றனர். ஆயின் தோட்டக்காரர் தலைமுறைகளாகப் பேணிய செடியும் அதனை வளர்த்த அறிவும் மீளவில்லை.

யூதேயப் பாலைக் குகையொன்றில் 1980-களில் கிடைத்த, ஏறத்தாழ 1000 ஆண்டுப் பழமையுடைய விதையொன்று 2010-இல் ஊன்றப்பட்டு மரமாயிற்று. அது அப்பிசின் மரத்தின் பேரினத்தையே சேர்ந்தது என 2024-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனினும் எதிர்பார்த்த நறுமணப் பொருள்கள் அதில் காணப்படவில்லை.

நம் முட்கிளுவையும் இப்பேரினத்ததே. கொங்கு நாட்டில் கொறங்காட்டு வேலியாக நின்று கோடையைத் தாங்குவது அது. அதன் போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். அதனை எவரும் ஒளித்துவைத்ததில்லை. ஆதலால் ஊர்தோறும் பரவிற்று.

அரிய பிசின் மரங்களைத் தொட்டிகளில் வளர்த்து மகிழும் அன்பர்கள் இன்று பெருகி வருகின்றனர். அவர்கள் காட்டில் பிடுங்கிய மரத்தை விலைகொடுத்து வாங்காது, விதையில் முளைத்த கன்றையே நாடுதல் வேண்டும். தம் மரம் ஈனும் விதையையும் போத்தையும் பிறர்க்கு வழங்குதல் அதனினும் நன்று. அரசரின் மதிலும் ஊராரின் சாபமும் காக்க மாட்டாத மரத்தைப் பல கைகள் காக்கும் என்றே நாம் கருதுகின்றோம்.