போதிகை சொல்லும் வயது

உங்கள் ஊர்க் கோயிலுக்கு எத்தனை வயது? பெரியவர்களைக் கேட்டால், "சோழர் காலத்துக் கோயில்" என்பார்கள். தஞ்சைப் பகுதியில் ஊருக்கு ஊர் இதே விடைதான். ஆனால் பிற்காலச் சோழர் ஆட்சி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் நீடித்தது. அதில் எந்தக் காலம்? கல்வெட்டு இருந்தால் படித்துச் சொல்லலாம். கல்வெட்டு இல்லாத மண்டபமாயின், தூணின் உச்சியை அண்ணாந்து பாருங்கள்.

கிரேக்கக் கோயில்களை டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று வகைப்படுத்துவதைப் படித்திருப்பீர்கள். அங்கும் தூணின் தலைதான் முக்கிய அடையாளம். நம் கோயில்களில் தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே, இருபுறமும் கை நீட்டியதுபோல் ஒரு கல் இருக்கும். அதன் பெயர் போதிகை.

போதிகை எதற்கு?

கருங்கல்லை நசுக்குவது கடினம். வளைத்து முறிப்பது எளிது. கல் உத்திரத்தின் அடிப்பகுதி இழுவிசைக்கு உள்ளாகிறது. அந்த விசையைக் கல் அதிகம் தாங்காது. இரு தூண்களுக்கு இடையே 8 அடி என்று கொள்வோம். இருபுறமும் போதிகை ஓரடி நீண்டால், தாங்கலின்றி நிற்கும் நீளம் 6 அடியாகும். உத்திரம் தன் எடையால் அடையும் தகைவு நீளத்தின் இருமடிக்கேற்ப மாறும். எனவே அது 64க்கு 36 என்ற அளவில், அதாவது பாதிக்குச் சற்று மேலாகக் குறைந்துவிடுகிறது.

இந்த வேலைக்குப் போதிகையின் நீளமும் கனமும் போதும்; முகப்பு எந்த வடிவில் இருந்தாலும் சரி. ஆகவே சிற்பிகள் தலைமுறைதோறும் அதை மாற்றிச் செதுக்க முடிந்தது. அந்த மாற்றமே நமக்குக் காலங்காட்டி.

நான்கு வடிவங்கள்

புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழூவோ-துப்ரேய், 1914இல் வெளியிட்ட நூலில் இத்தகைய உறுப்புகளின் மாற்றத்தை வரிசைப்படுத்திக் காட்டினார். பல்லவர் போதிகை பெரும்பாலும் வளைந்த முகம் உடையது. அலை அலையான வரிகள் இருப்பதால் தரங்கப் போதிகை எனப்படும். முற்காலச் சோழர் போதிகையோ சரிவாக வெட்டப்பட்டது. நடுவில் நாக்குப்போல் ஒரு பகுதி நீண்டிருக்கும். பிற்காலச் சோழரிடம் அந்த நாக்கு மேலும் செதுக்கப்பட்டு அழகு பெற்றது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் நுனியில் பூமொட்டுத் தொங்கலாயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்றால் இதைச் சோதித்துப் பார்க்கலாம். விமானம் 1010இல் நிறைவுற்ற இராசராசன் பணி. அதே வளாகத்திலுள்ள முருகன் கோயில் நாயக்கர் காலத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பழைய தூண்களைப் புது மண்டபத்தில் பயன்படுத்துவதும் உண்டு. எனவே போதிகையை மட்டும் நம்பாமல் கூடு, கோட்டம், எழுத்தமைதி ஆகியவற்றோடும் ஒப்பிட வேண்டும்.

திருப்பணியின்போது

இந்தச் சான்றுகள் எளிதில் அழியக்கூடியவை. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பும் வண்ணமும் பூசினால் செதுக்கல் மறைகிறது. விரிசல் கண்ட கல்லை அகற்றிக் காங்கிரீட் உத்திரம் வைத்தால் ஒரு காலமே மறைந்துபோகிறது.

பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்தரின் தேவியார் செம்பியன் மாதேவி, செங்கல் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிக்காவலில் அவ்வாறு கட்டியபோது, பழைய கற்களிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். பழையதைப் பிரிக்குமுன் பதிவுசெய்ய வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கப்போகிறதா? சாரம் கட்டுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் செல்லுங்கள். ஒவ்வொரு மண்டபத்துப் போதிகையையும் வரைந்து, இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். புகைப்படமும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.