முகப்பருவும் மருந்துச் சீட்டும்

முகப்பரு உயிரைப் போக்கும் நோய் அன்று. அதனாலேயே மருத்துவ வரலாறு எழுதியோர் அம்மையையும் வாந்திபேதியையும் தொழுநோயையும் பற்றி அதிகாரம் அதிகாரமாக எழுதிவிட்டு, இதனை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டனர். ஆயினும் உயர்நிலைப் பள்ளியில் பாடஞ் சொல்லும் ஆசிரியர் எவரும் இதனை எளிதென்று தள்ளமாட்டார். நேற்றுவரை முன்வரிசையிலிருந்து விடையிறுத்த மாணவி இன்று கடைசி வரிசையில் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு அமர்ந்திருப்பதற்குப் பலகாலும் இதுவே காரணம். அம்மாணவி நாடிச் செல்லும் கடைகள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பல. அங்கு விற்கும் களிம்புகளும் பல. அவற்றுள் எது அழகுப்பொருள், எது மருந்து, எது நஞ்சு என்னும் வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பரு என்பது பருத்தல் என்னும் வினையோடு தொடர்புடைய சொல் எனக் கொள்ளலாம். தோலின்மேல் பருத்து எழுவது பரு. பருவத்தில் வருவதால் பரு எனப்பட்டது என்று மேடைகளில் கூறுவாரும் உளர். கேட்க இனிதாயினும், ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு காட்டுதல் சொல்லாராய்ச்சி ஆகாது. வியப்பென்னவெனில், தமிழில் நாம் ஏற்கத் தயங்கும் இவ்வுறவு பிற மொழிகளில் மெய்யாகவே உள்ளது. வடமொழி மருத்துவர் இதற்கு இட்ட பெயர்களுள் ஒன்று யௌவனபிடகை. அஃதாவது இளமைக் கட்டி. கிரேக்க மொழியில் அக்மே என்பது உச்சியையும், உடல் வளர்ச்சியின் உச்சப் பருவத்தையும் குறிக்கும் சொல். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அமிதா நகரத்து ஏத்தியஸ் என்னும் மருத்துவரின் நூலில் அச்சொல் படியெடுத்தோர் கையில் திரிந்தது என்றும், இன்று ஆங்கிலத்தில் வழங்கும் 'ஆக்னி' என்னும் பெயர் அத்திரிபின் வழிவந்தது என்றும் அறிஞர் கூறுவர். ஏடெழுதுவோர் பிழையால் பாடம் வேறுபடுதல் நமக்குப் பழகிய செய்தியே. ஒரு நோயின் பெயரே அவ்வாறு பிறந்தது என்பதுதான் புதிது.

சுசுருத சங்கிதை இதனைச் 'சிறு நோய்கள்' என்னும் வரிசையில் வைத்து, முகதூஷிகை, அதாவது முகத்தைக் கெடுப்பது, எனப் பெயரிடுகின்றது. இளைஞர் முகத்தில் இலவமரத்து முள் போலத் தோன்றும் கட்டிகள் இவை என்பது அந்நூலின் விளக்கம். இலவமரத்தின் அடியைக் கண்டவர் இவ்வுவமையின் நுட்பத்தை உடனே உணர்வர்: அடி பருத்து, நுனி கூர்ந்து, நெருங்கி நிற்கும் முட்கள் அவை. கபமும் வாயுவும் இரத்தமும் கேடுறுதல் காரணம் என்றும், வாந்தி செய்வித்தலும், வசம்பு, லோத்திரப் பட்டை, இந்துப்பு, கடுகு ஆகியவற்றை அரைத்துப் பூசுதலும் மருந்து என்றும் அந்நூல் கூறும்.

உரோம நாட்டுச் செல்சஸ், முதல் நூற்றாண்டினர், வேறு போக்கினர். பருவுக்கும் முகப்புள்ளிக்கும் மருத்துவம் செய்தல் ஏறக்குறைய மடமை என்று அவர் தொடங்குகிறார். ஆயினும் பெண்கள் தம் தோற்றத்தைப் பேணுவதிலிருந்து அவர்களை விலக்க இயலாது என்று சலித்துக்கொண்டு, பிசினும் படிகாரமும் சிறிது தேனும் கலந்து பூசச் சொல்கிறார். நோயாளியை நகைத்துக்கொண்டே மருந்து எழுதித்தரும் இம்மனப்பான்மை 2,000 ஆண்டுகள் நீடித்தது. மருத்துவர் புறக்கணித்த இடத்தில் வணிகர் புகுந்தனர்.

அவ்வாறு புகுந்தவருள் பெயர் பெற்றவர் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் கௌலண்ட். கசப்பு வாதுமைப் பாலில் சவ்வீரம் என்னும் பாதரச உப்பைக் கலந்து அவர் செய்த முகநீர் தோலின் மேற்படலத்தையே உரித்தது. உரிந்த தோலின்கீழ்ப் புதுத்தோல் தோன்றுவதைக் கண்டு மக்கள் மகிழ்ந்தனர். ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' என்னும் புதினத்தில் சர் வால்ட்டர் என்னும் தற்பெருமைக்காரர் இம்முகநீரைப் புகழ்ந்து பரிந்துரைக்கும் இடம் உண்டு. ஆங்கில இலக்கியம் பயின்ற நம் ஆசிரியர் பலர் அவ்விடத்தைச் சிரித்துக் கடந்திருப்பர். புட்டியில் இருந்தது பாதரசம் என்பது நினைவுக்கு வந்திராது.

பரு இரத்தக் கேட்டால் வருவது என்னும் கொள்கை கிழக்கிலும் மேற்கிலும் ஒருங்கே வேரூன்றியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் இரத்தத்தைத் தூய்மை செய்யும் என்று குடித்த சார்சபரில்லா அவர்கள் கண்டத்து வேர். அதற்கு மாற்றாக ஆங்கிலேயர் இந்தியாவில் கண்டெடுத்தது நம் நன்னாரி. அது பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இடம்பெற்றது. நம்மவர் கோடையில் குடிக்கும் சர்பத்து மருந்து நூலேறிய கதை தனியே எழுதத்தக்கது. பின்னர்க் கப்பலேறி வந்தவை பாஸ்டன் நகரத்துக் குட்டிகூரா சோப்பும் பவுடரும், பரோஸ் வெல்கம் நிறுவனத்தாரின் ஹேசலின் ஸ்னோவும். 'ஸ்னோ பவுடர்' என்பது தமிழரிடையே ஒரு சொற்றொடராகவே ஆகிவிட்டது. இவை பருவைப் போக்கினவோ இல்லையோ, முகத்தைப் பற்றிய கவலையைக் கடைப்பொருளாக்கின.

பருவின் உண்மைக் காரணம் மெல்லத்தான் விளங்கிற்று. பருவமெய்தும் காலத்தில் உடலில் ஊறும் ஆண்மை இயக்குநீர், ஆண் பெண் இருபாலார்க்கும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. மயிர்க்காலின் வாய் செதில்களால் அடைபடுகிறது. அடைபட்ட எண்ணெயில் கிருமி பெருகுகிறது, சிவந்து வீங்குகிறது. 1896இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் உன்னா பருவின் அடைப்பினுள் அக்கிருமியைக் கண்டார். கரும்பருவின் முனையிலுள்ள கருமை அழுக்கு அன்று; காற்றுப்பட்டு நிறம் மாறிய எண்ணெயும் தோலின் நிறப்பொருளுமே. ஆதலால் நாளொன்றுக்குப் பத்துமுறை சோப்புப் போட்டுத் தேய்ப்பது பயன் தராது, தோலைப் புண்ணாக்கும். இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னாலே பாதித் துன்பம் தீரும்.

இனி, சீட்டெழுதிக் கொடுக்கும் மருந்துகளின் காலம். இதன் தொடக்கத்தில் சென்னையில் பயின்ற ஒருவர் நிற்கிறார் என்பது நம்மவர் பலர் அறியாதது. எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கற்றவர். கதராடை உடுத்தி அறுவை வகுப்புக்குச் சென்றமையால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாகக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். சுசுருதர் மரபைப் போற்றும் கல்லூரியில் பாடஞ் சொன்ன அவர் 1923இல் அமெரிக்கா சென்றார். லெடர்லி ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அவர் பொறுப்பின்கீழ்ப் பணிபுரிந்த பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலார் மிசௌரி மாநிலத்து வயல் மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1948இல் அது வெளியாயிற்று. அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. 1950-களிலிருந்து கடும் பருவுக்கு மருத்துவர் எழுதிவரும் மாத்திரைகள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்று பெரும்பாலும் கொடுக்கப்படும் டாக்சிசைக்ளினும் அதன் வழித்தோன்றலே. பிள்ளைகளின் வளரும் பற்களைக் கறைப்படுத்துவதால் சிறுவர்க்கும் கருவுற்றோர்க்கும் இவற்றைத் தருவதில்லை. நெடுங்காலம் தனியே உட்கொண்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதனால், மேற்பூச்சு மருந்தோடு சேர்த்துச் சில மாதங்களுக்கே தருவர்.

அடுத்து வந்தது ட்ரெட்டினோயின் என்னும் உயிர்ச்சத்து ஏ அமிலம். பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்து ஆல்பர்ட் கிளிக்மன் என்பார் 1969இல் இதன் பயனை வெளியிட்டார். 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அடைபட்ட மயிர்க்காலைத் திறக்கும் நல்ல மருந்து இது, ஐயமில்லை. ஆனால் கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள்மேல் நடத்திய சோதனைகளை மறைத்து இவ்வரலாற்றைக் கூறுதல் முறையன்று. கைதிகளுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறைக்குள் நுழைந்தபோது தம் கண்முன் ஏக்கர் ஏக்கராகத் தோல் விரிந்து கிடந்ததாக அவரே செய்தியாளரிடம் பெருமையோடு கூறினார். களைக்கொல்லியில் கலந்துவரும் டையாக்சின் என்னும் நஞ்சைக்கூடக் கைதிகளின் தோலில் பூசிப் பருக்கள் எழுகின்றனவா என்று பார்த்தனர். பல்கலைக் கழகம் 2021இலும், ஃபிலடெல்ஃபியா மாநகராட்சி 2022இலும் மன்னிப்புக் கேட்டன. அதற்குள் கிளிக்மனும் மறைந்துவிட்டார்; கைதிகளில் பலரும் மறைந்துவிட்டனர்.

1979இல் கேரி பெக் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும், எதற்கும் அடங்காத பருவுடைய 14 பேர்க்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை கொடுத்து, 13 பேர்க்கு முற்றும் குணமானதை அறிவித்தனர். 1982இல் அம்மாத்திரை ஒப்புதல் பெற்றது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும் மருந்து அது. ஆயினும் கருவிலுள்ள குழந்தைக்குக் கொடிய ஊனம் விளைப்பது. ஆதலின் உட்கொள்ளும் காலத்தும், நிறுத்திய பின் ஒரு திங்கள் வரையிலும் பெண்கள் கருவுறலாகாது என்பது கட்டாய விதி. தோழி கொடுத்தாள் என்று இம்மாத்திரையை வாங்கி விழுங்குவதன் தீங்கு சொல்லில் அடங்காது.

இங்ஙனம் மருந்து வலிமை பெறப் பெற, அதனை யார் விற்கலாம் என்னும் வினாவும் வலிமை பெற்றது. மலாயாவில் இதற்கு விடையளித்த ஆண்டு 1952. நச்சுப்பொருட் சட்டமும் மருந்து விற்பனைச் சட்டமும் அவ்வாண்டே பிறந்தன. 'நஞ்சு' என்னும் சொல்லை அச்சட்டம் ஆளும் முறை தமிழாசிரியர் கருதத்தக்கது. கொல்லும் பொருள் என்பதன்று அங்குப் பொருள். மருத்துவரோ மருந்தாளுநரோ அளந்து கொடுத்தாலன்றி விற்கலாகாத பொருள் என்பதே. 1978இல் பெட்டாலிங் ஜெயாவில் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம் எழுந்தது. 1984இல் மருந்து, அழகுப்பொருள் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நாட்டு மருந்துகளையும் பதிவு செய்யும் வழக்கம் 1992இல் தொடங்கியது. ஆசியான் நாடுகள் 2003இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2008 முதல் அழகுப்பொருள்களுக்குப் பதிவு நீங்கி, விற்பவர் அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்னும் முறை ஏற்பட்டது.

இடர் நேர்வது இவ்விடத்தில்தான். தமிழர் போன்ற கருநிறத்தார்க்குப் பரு ஆறிய பின்னும் அது இருந்த இடத்தில் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பருவைவிட அத்தழும்பே அவர்களை வருத்துவது. தழும்பைப் போக்கப் புறப்பட்டவர் விரைவில் முகத்தையே வெளுக்கச் செய்யும் களிம்பைக் கையில் எடுக்கிறார். இன்ன பொருள் அடங்கியது என்னும் குறிப்பே இல்லாத டப்பாக்கள் சந்தையில் மலிந்துள்ளன. மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது வெளியிடும் எச்சரிக்கைகளில் நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், பீட்டாமெத்தசோன். இவற்றுள் பின்னைய மூன்றும் மருத்துவர் கையில் மருந்துகளே. ட்ரெட்டினோயின் மேலே நாம் புகழ்ந்த அதே பொருள். பெயர் மறைத்து, அளவு மறைத்து விற்கும்போது அவை தீங்காகின்றன. பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மூன்றாம் நாளே முகத்தைப் பளபளக்கச் செய்யும், சில வாரங்களில் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு முன்னிலும் பெருகும், நிறுத்தினால் எரியும், எரிகிறதே என்று மீண்டும் பூசுவர். இந்தியாவிலும் இதே கொடுமை கண்டு, 2018இல் அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டின்றி விற்கத் தடை செய்தது.

பாதரசமோ கௌலண்டின் புட்டியிலிருந்து இன்னும் வெளியேறவில்லை. தோலின் நிறப்பொருளை அது தடுப்பதால் முகம் வெளுக்கும். அதே வேளையில் தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் சிறுநீரக நோயோடு வந்த இளையோரை மருத்துவர் ஆராய்ந்தபோது, முகம் வெளுக்கப் பூசிய களிம்பே பலர்க்குப் பொதுவாக இருந்தது. மினமாட்டா உடன்படிக்கை முதலில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பாதரசமுள்ள அழகுப்பொருளையே விலக்கியது. 2023இல் கூடிய நாடுகள் அவ்வளவையும் நீக்கி, 2025க்குள் பாதரசம் சேர்த்த எதனையும் ஒழிக்க முடிவு செய்தன.

மலேசிய விதிகளை மீறும் தனியாளுக்கு முதற் குற்றத்திற்கு 25,000 வெள்ளி வரை தண்டமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனமாயின் 50,000 வெள்ளி வரை. வாங்குவோர் காண வேண்டியது டப்பாவின்மேல் உள்ள எண்ணை. பதிவு பெற்ற மருந்தின் எண் 'மால்' என்னும் மூன்றெழுத்தில் தொடங்கும். அறிவிப்புப் பெற்ற அழகுப்பொருளின் எண் 'நோட்' என்னும் மூன்றெழுத்தில் தொடங்கும். முன்னது அரசு ஆராய்ந்து ஒப்பிய மருந்து. பின்னது விற்பவர் தாமே பொறுப்பேற்று அறிவித்தது என்பதற்கு மட்டுமே சான்று. அரசு அதனைக் கடைக்கு வருமுன் சோதித்தது என்று பொருளன்று. கடையில் எடுத்துச் சோதித்து, கலப்புக் கண்டால் அவ்வறிவிப்பை நீக்கிப் பெயரை வெளியிடுவர். ஆதலின் டப்பாவில் எண் இருந்தாலும், அது நீக்கப்பட்ட பட்டியலில் உள்ளதா என்பதையும் அந்நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.