பன்றி எரிசிபெலஸ்

எரிசிபெலோத்ரிக்ஸ் ருசியோபதியே என்னும் கோலுரு பாக்டீரியாவால் பன்றிகளுக்கு வரும், மனிதருக்கும் பரவக்கூடிய தொற்றுநோய். பன்றிக்குக் கடுங்காய்ச்சலும் தோலில் சாய்சதுரச் செந்தடிப்புகளும் தோன்றும். நாட்பட்டால் மூட்டுகளும் இதய வால்வுகளும் கெடும். லூயி பாஸ்டர் 1883இல் இதற்குத் தடுப்பூசி கண்டார்.

இக்கிருமி மீனுக்கு நோய் தராமலே அதன் மேற்சளியில் வாழ்வது. ஆகவே பன்றி வளர்ப்போர், இறைச்சி வெட்டுவோர் மட்டுமின்றி, காரைக்கால்மேடு போன்ற மீனவ ஊர்களில் மீன் அரிவோரும் நண்டு, இறால் கையாள்வோரும் முள் குத்திய காயம் வழியே இத்தொற்றுக்கு ஆளாகக்கூடும். மனிதரில் இது எரிசிபெலாய்டு எனப்படும். விரலில் ஊதா கலந்த சிவப்பு வீக்கம், காயத்தின் அளவை மிஞ்சிய வலி ஆகியவை அறிகுறிகள், சீழ் பிடிப்பதில்லை. வெறும் முள்குத்து என்று விட்டுவிடுவது ஆபத்தானது: அரிதாகக் கிருமி இரத்தத்தில் கலந்து இதய வால்வுகளைத் தாக்கும். பெனிசிலின் குணப்படுத்தும், வான்கோமைசின் என்னும் மருந்துக்கு இக்கிருமி கட்டுப்படாது.