மூன்று மடக்குக்கத்திகள்

எழுதுகோலுக்கும் கத்திக்கும் உள்ள உறவு பழையது. ஓலையில் எழுதிய நம் முன்னோர் மடக்கெழுத்தாணி என்றொரு கருவியை வைத்திருந்தனர். ஒரு முனையில் எழுத்தாணி. மறு முனையில் ஓலையின் ஓரத்தை நறுக்கிச் சீர்செய்ய ஒரு சிறு கத்தி. வேலை முடிந்ததும் பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். ஐரோப்பியரோ பறவையிறகைச் சீவி எழுதுகோலாக்கச் சிறு கத்தி வைத்திருந்தனர். அதன் பெயரே நம் பேச்சில் 'பேனாக்கத்தி' என்று வந்து தங்கிவிட்டது. பேனாவுக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிப் பாராமலே அச்சொல்லை நாம் தலைமுறைகளாகப் புழங்கி வருகிறோம்.

சட்டைப்பையில் அடங்கும் ஒரு மடக்குக்கத்தியை, அதிகம் செலவழிக்காமல், வாங்க நினைப்பவர் முன்னால் இன்று வந்து நிற்கும் பெயர்களில் மூன்று நம் கவனத்தைக் கவர்கின்றன. பிரான்சின் ஒப்பினெல், ஜப்பானின் ஹிகோனோகாமி, மீண்டும் பிரான்சிலிருந்தே டூக்-டூக். மூன்றுக்கும் ஒற்றை அலகுதான். மூன்றின் மூல வடிவமும் துருப்பிடிக்கும் கார்பன் எஃகில் அமைந்தது. பழம் நறுக்கினால் அலகு கறுக்கும்; துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் நம் ஆயுளுக்கும் உழைக்கும். திருகுசுழலி, புட்டி திறப்பான் போன்ற உபரிகள் எதுவும் கிடையா. விலையும் ஏறத்தாழ ஒரே அளவினதே. அப்படியானால் எதைத் தேர்வது?

வடிவத்தையும் விலையையும் மட்டும் ஒப்பிட்டால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது என்று நமக்குத் தோன்றுகிறது. மடக்குக்கத்தி ஒவ்வொன்றும் ஒரு சிக்கலோடுதான் பிறக்கிறது. மடங்கும் தன்மையே அதன் பயன். அதுவே அதன் ஆபத்தும்கூட. வெட்டும்போது அலகு மடங்கி விரல்மேல் விழாமல் காக்கும் பொறுப்பு யாருடையது? செய்தவனுடையதா, பிடித்திருப்பவனுடையதா? மூன்று கத்திகளும் இதற்கு மூன்று விடைகளைச் சொல்கின்றன. அவ்விடைகளின் பின்னால் மூன்று வரலாறுகள் இருக்கின்றன.

முதலில் ஒப்பினெல். ஆல்ப்ஸ் மலையடுக்கிலுள்ள சவோய் நாடு 1860இல்தான் பிரான்சோடு இணைந்தது. அதன் மலைச்சிற்றூர் ஒன்றில் ஒரு கொல்லர் குடும்பம் கோடரி, வெட்டரிவாள், கவாத்துக்கத்தி முதலான உழவுக் கருவிகளைச் செய்து வந்தது. அக்குடும்பத்தில் 1872இல் பிறந்த ழோசப் ஒப்பினெல், தம் பதினெட்டாம் வயதில், 1890இல், உழவர் பையில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு கத்தியை வடிவமைத்தார். மரப்பிடி, அலகு, இவ்விரண்டையும் இணைக்கும் தறையாணி, பிடியின் கழுத்தில் ஓர் உலோகப் பூண். இவ்வளவே அதன் உறுப்புகள். 1897இல் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட அளவுகள் வந்தன. 1909இல் பதிவுசெய்த முத்திரை, முடிசூடிய ஒரு கை. ஆசி வழங்கும் அக்கை, சான்-ழான்-த-மொரியென் நகரம் போற்றும் திருமுழுக்கு யோவானுடையது. முடி சவோய்க் கோமான்களுடையது. பிரான்சோடு இணைந்து அரை நூற்றாண்டு ஆகியும் மலைநாட்டார் தம் பழைய அடையாளத்தைக் கத்தியில் பொறித்துக்கொண்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இக்கத்தியில் தொடக்கத்தில் பூட்டு இல்லை. மரத்தின் இறுக்கமே அலகை நிறுத்தியது. மரமோ ஈரம் குடித்தால் உப்பும். உப்பினால் அலகு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்போது பிடியின் அடிப்புறத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்றே வெளியே தலைநீட்டும். இதற்குச் 'சவோயார் தட்டு' என்றே பெயர். கருவியின் குறையை மனிதர் தம் கைப்பழக்கத்தால் ஈடுகட்டிய காலம் அது. 1955இல் ழோசப்பின் மகன் மார்செல், கழுத்துப் பூணின்மேல் சுழலும் ஒரு வளையத்தைச் சேர்த்தார். வீரோபிளாக் எனப்படும் அவ்வளையத்தை ஒரு திருப்புத் திருப்பினால், திறந்த அலகு மடங்காமல் நிற்கும். பொறுப்பின் ஒரு பகுதி விரலிலிருந்து கருவிக்கு மாறிய கணம் என்று அதைச் சொல்லலாம்.

ஹிகோனோகாமியின் ஊர் ஜப்பானின் ஹியோகோ மாநிலத்திலுள்ள மிக்கி. 1578 முதல் 1580 வரை ஹிதேயோஷியின் படைகள் அவ்வூர்க் கோட்டையை முற்றுகையிட்டன. அழிந்த ஊரை மீண்டும் கட்டத் தச்சர் வந்தனர். தச்சருக்குக் கருவி செய்யக் கொல்லர் வந்தனர். அன்று முதல் மிக்கி தச்சுக்கருவிகளின் ஊர். 1876இல் வாள் தரிப்பதை அரசு தடைசெய்தபின், வேலையிழந்த வாட்கொல்லர்கள் ஹிகோனோகாமியைச் செய்யத் தொடங்கினர் என்றொரு கதை விற்பனைக் குறிப்புகளில் உலவுகிறது. கேட்க இனிமையான கதைதான். ஆனால் மிக்கியின் பெருமை வாளில் இல்லை. உளியிலும் ரம்பத்திலும் இழைப்புளியிலும் இருக்கிறது. 1890களில் பிறந்த இக்கத்தியைத் தச்சுக்கருவி மரபின் கடைக்குட்டி என்பதே பொருந்தும். பெயரின் பொருள் 'ஹிகோ நாட்டுத் தலைவன்'. ஹிகோ என்பது இன்றைய குமாமோத்தோப் பகுதியின் பழம்பெயர்.

மடித்த ஓர் உலோகத் தகடே இதன் பிடி. பூட்டு இல்லை, வில்லும் இல்லை. அலகின் அடியிலிருந்து ஒரு சிறு வால் வெளியே நீள்கிறது. திறந்தபின் அவ்வாலைப் பெருவிரலால் பிடியோடு அழுத்திக்கொள்ள வேண்டும். விரல் அழுத்தும்வரை கத்தி நிற்கும். விரல் மறந்தால் கத்தியும் மறந்துவிடும். முழுப்பொறுப்பும் பயன்படுத்துபவனுக்கே. வியப்பு என்னவென்றால், இக்கத்தியை மிகுதியாக வைத்திருந்தவர்கள் பள்ளிச் சிறுவர்கள். பென்சில் சீவினார்கள், மூங்கிலில் பொம்மை செய்தார்கள். பாதியாக உடைத்த சவர பிளேடால் பென்சில் சீவிய தலைமுறையினருக்கு இது எளிதில் புரியும்.

அப்பழக்கம் முடிவுக்கு வந்ததில் ஓர் அரசியல் கொலைக்குப் பங்குண்டு. 1960 அக்டோபர் 12ஆம் நாள் தோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில், சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனூமா இனெஜிரோ மேடையில் பேசிக்கொண்டிருக்கையில், பதினேழு வயது இளைஞன் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். ஆயுதம் ஒரு குறுவாள், மடக்குக்கத்தி அன்று. ஆயினும் சிறுவர் கையில் கூர்மையானது எதுவும் இருக்கலாகாது என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. பென்சில் சீவும் இயந்திரம் ஒரு பக்கம், 1956இல் ஓசாக்காவில் உருவான ஒடித்துக்கொள்ளும் அலகுள்ள கட்டர் மறுபக்கம். நடுவில் ஹிகோனோகாமி நசுங்கியது. ஒருகாலத்தில் பல பட்டறைகள் செய்த அக்கத்தியை, அப்பெயருக்கான உரிமையோடு இன்று செய்வது நகாஓ கானேகோமா என்ற ஒரே பட்டறை.

அந்த இயக்கத்தார் பக்கம் நியாயம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு கொலையைத் தொலைக்காட்சியில் கண்ட சமூகம் தன் பிள்ளைகளின் பைகளைச் சோதிப்பது இயல்பே. ஆனால் கூர்மையை அஞ்சவும் மதிக்கவும் கற்றுத்தந்த ஒரு பொருளும் அதோடு போயிற்று. இழப்பு, காப்பு இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது.

மூன்றாவது, டூக்-டூக். பிரான்சின் கத்தி நகரமான தியேரில் கோன்யே குடும்பம் 1929இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதன் பிடியும் மடித்த தகடே. பூட்டு இல்லை, எனினும் வலிய வில் ஒன்று அலகை இறுக்கிப் பிடிக்கும். ஒப்பினெலின் வளையத்துக்கும் ஹிகோனோகாமியின் விரலுக்கும் இடைப்பட்ட விடை இது. குடியேற்ற நாடுகளின் எளிய மக்கள் வாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. பிடியில் பொறித்த முகமூடி உருவம் நியூ பிரிட்டன் தீவின் தோலாய் மக்களுடைய ஆவி. அத்தீவு 1914 வரை ஜெர்மானியர் வசமும் பின்னர் ஆஸ்திரேலியர் வசமும் இருந்தது. பிரெஞ்சு ஆட்சியை அது கண்டதே இல்லை. தொலைவிலிருந்த ஒரு தீவின் தெய்வத்தைக் கேளாமல் எடுத்துப் பிடியில் பொறித்து, அலகில் அரபுப் பாணிப் பூவேலை செய்து, வேறு மக்களுக்கு விற்றனர். பேரரசின் கண்ணுக்குக் குடிமக்கள் எல்லோரும் ஒருவரே போலும்.

வட ஆப்பிரிக்காவில் அது நன்கு விற்றது. 1954 முதல் 1962 வரை நடந்த அல்ஜீரிய விடுதலைப் போரில் கொலைக்கருவி என்ற பெயரையும் சம்பாதித்தது. ரொட்டி அறுக்க அனுப்பிய கத்தி, அனுப்பியவர்களுக்கு எதிராகவே திரும்பிற்று. கத்திக்கு அரசியல் தெரியாது. பிடித்த கைக்குத் தெரியும்.

இப்போது சட்டத்தின் பார்வைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், பொது இடத்தில் தக்க காரணமின்றிக் கூர்கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக்கத்திக்கு மட்டும் விலக்கு. அலகு பூட்டிக்கொள்ளுமானால் அது மடக்குக்கத்தியே ஆகாது என்று நீதிமன்றம் பின்னர் பொருள் கூறியது. ஒப்பினெலில் ஐந்தாம் எண்ணின் அலகு ஆறு சென்டிமீட்டர். அதற்கு வளையம் இல்லை. ஆறாம் எண்ணின் அலகு ஏழு சென்டிமீட்டர். அதுவும் மூன்று அங்குலத்துக்குள்தான். ஆனால் அதற்கு வளையம் உண்டு. ஆகவே ஐந்தை எவரும் பையில் வைத்துக்கொள்ளலாம். ஆறுக்குக் காரணம் சொல்ல வேண்டும். உழவனின் விரலைக் காக்க 1955இல் வந்த வளையமே, சட்டத்தின் கண்ணில் கத்தியை ஐயத்துக்குரியதாக்கிவிட்டது. கைக்குப் பாதுகாப்பானது தெருவுக்கு ஆபத்தானது என்று ஆகிறது. இரண்டும் உண்மை என்பதுதான் இதிலுள்ள துயரம்.

சரி, எதைத் தேர்வது? கத்தியை முதன்முதலாகக் கையாள்பவருக்கும், ரொட்டியும் பழமும் நறுக்கப் பயணத்தில் ஒன்று தேவைப்படுபவருக்கும் ஒப்பினெல் ஏற்றது. போகும் நாட்டின் சட்டத்தை மட்டும் முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். ஈரத்தில் வேலைசெய்பவருக்கு உப்பாத தகட்டுப் பிடியுள்ள டூக்-டூக் பயன்படும். துருவைத் துடைக்கவும், அதன் பிடியிலிருக்கும் முகத்தின் கதையை மறவாதிருக்கவும் ஆயத்தமானவர் அதை வாங்கலாம். எழுதுமேசையில் பென்சிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள என்றால் நம் தேர்வு ஹிகோனோகாமியே.

அதில் ஒரு சிறு காரணம் இருக்கிறது. பென்சில் முனையை அதனால் சீவும்போது பெருவிரல் வாலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் வேறெங்கும் போகக்கூடாது. எழுத உட்காருமுன் அந்த இரண்டு நிமிடக் கவனம் நமக்கு நல்லதென்றே தோன்றுகிறது. மடக்கெழுத்தாணியால் ஓலையை நறுக்கிவிட்டு எழுதத் தொடங்கியவர்களுக்கும் அது தெரிந்திருக்கும்.