முதனை வழக்கும் நீதிமன்றத்தின் சொல்லும்

மணிமுத்தாற்றங்கரையில் விருத்தகிரீசுவரர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த திருமுதுகுன்றம் என்னும் விருத்தாசலம், நெய்வேலிச் சுரங்கப் பகுதியின் வெண்களிமண்ணாலும், அரசு அமைத்த செராமிக் தொழிற்பேட்டையாலும், பீங்கான் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தாலும் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் பீங்கான் நகரம் என்று பெயர் பெற்றது. எனினும் தமிழகத்தின் சட்ட வரலாற்றில் இவ்வட்டாரம் இடம்பெற்றது, நகருக்கு அருகே கம்மாபுரம் காவல் நிலைய எல்லையில் உள்ள முதனை என்னும் சிற்றூரைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்ற கூலித் தொழிலாளியின் வழக்கால்தான். குறவர் சமூகத்தவரான அவரை, 1993 மார்ச்சில், அப்போதைய தென்னார்க்காடு மாவட்டக் காவல் துறையினர் நகைத் திருட்டு ஒன்றின் பேரில் பிடித்துச் சென்றனர். சில நாட்களில், அவர் காவலிலிருந்து தப்பியோடிவிட்டார் என்று அறிவித்தனர்.

காவல் நிலையத்தில் கணவர் அடிபட்டதைக் கண்ணால் கண்டிருந்த மனைவி பார்வதி இதை ஏற்கவில்லை. அவருக்குத் துணை நின்ற அப்பகுதி மார்க்சிஸ்ட் கட்சியினர் வழியாக இச்செய்தி சென்னையில் வழக்கறிஞர் கே.சந்துருவை எட்டியது, அவர் கட்டணம் பெறாமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். ஆட்கொணர்வு என்பது, ஒருவரைப் பிடித்து வைத்திருப்பதாகக் கருதப்படும் அதிகாரியை நோக்கி, அந்த ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்து, எந்தச் சட்டத்தின்படி பிடித்தாய் என்று சொல் என நீதிமன்றம் இடும் ஆணையாகும். அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவு இந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கு வழங்குகிறது.

இத்தகைய மனுவில் சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது வழக்கமன்று. அரசு பிரமாணப் பத்திரம், அதாவது சத்தியம் செய்து எழுதித்தரும் வாக்குமூலம், ஒன்றைத் தாக்கல் செய்து, ‘அவர் எங்களிடம் இல்லை’ என்று சொல்லிவிட்டால் மனு பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். முதனை வழக்கும் அப்படி முடிந்திருக்கக்கூடியதே. அதைத் தடுத்தது கேரளத்திலிருந்து வந்த ஒரு முன்னுதாரணம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மார்ச் 1 அன்று, கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் பிடித்துச் சென்றனர். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் நெருக்கடி நிலை விலகியதும் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தபோது, மாணவர் கைது செய்யப்படவே இல்லை என்று அரசுத் தரப்பு மறுத்தது. நீதிபதிகள் சுப்பிரமணியன் போற்றியும் வி.காலித்தும் அந்த மறுப்போடு நின்றுவிடாமல் சாட்சிகளை நேரில் விசாரித்து, மாணவர் போலீஸ் காவலில் இருந்தார் என்று 1977 ஏப்ரலில் தீர்ப்பளித்தனர். ராஜனின் உடல் இறுதிவரை கிடைக்கவில்லை. நெருக்கடிக் காலத்தில் உள்துறை அமைச்சராக இருந்து, அப்போதுதான் முதலமைச்சராகியிருந்த கருணாகரன் அதே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. இந்தத் தீர்ப்பைக் காட்டியே முதனை வழக்கிலும் சாட்சி விசாரணை கோரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. கிராமத்துக் கூலிக்காரர்களின் சொல்லும் காவல் அதிகாரிகளின் சொல்லும் ஒரே கூண்டில், ஒரே சத்தியத்தின் கீழ், குறுக்கு விசாரணைக்கு உட்பட்டன. ‘தப்பியோடிய’ ராஜாக்கண்ணு, மாவட்ட எல்லைக்கு அப்பால் மீன்சுருட்டிக் காவல் எல்லையில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடந்தவர்தான் என்பது வெளிவந்தது. 2021 நவம்பரில் வெளியான ‘ஜெய் பீம்’ திரைப்படம், குறவர் குடும்பத்தை இருளர் குடும்பமாக மாற்றி இக்கதையைச் சொன்னது. திரைக்கதைக்கு வழக்கறிஞரே நாயகர். வரலாற்றை எழுதுபவருக்கோ, வழக்கமில்லாத ஒரு விசாரணைக்கு இசைந்த அமர்வும் அந்த வழக்கறிஞருக்கு நிகரான முக்கியத்துவம் உடையது.

ஓர் அமர்வு அரசின் சொல்லை நம்ப மறுப்பதற்கு நீதிபதிகளின் நெஞ்சுரம் மட்டும் போதாது. அந்த மறுப்புக்காக அரசு அவர்களைத் தண்டிக்க முடியாத ஏற்பாடும் வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சிறப்புப் பெரும்பான்மையால் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி நீக்க இயலாது. அவருடைய ஊதியம் மாநிலத் தொகுப்பு நிதியின்மேல் ‘சாட்டப்பட்ட’ செலவு, அதாவது சட்டமன்றம் விவாதிக்கலாமே தவிர வாக்கெடுப்பில் வெட்ட முடியாத செலவாகும். இந்த ஏற்பாடுகளும் எல்லாக் காலத்திலும் காத்துவிடவில்லை என்பதற்கு நெருக்கடி நிலையே சான்று. விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டோரின் ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கத் தமக்கு அதிகாரம் உண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்க, உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 1976 ஏப்ரல் 28 அன்று, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், அத்தனையையும் தள்ளியது. போலீஸ்காரர் ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரைக் கொன்றுவிட்டாலும் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டதற்கு, நெருக்கடி நிலை நீடிக்கும் வரை இல்லை என்பதே அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே அளித்த விடையின் சாரம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதியான கன்னாவுக்கு, 1977 ஜனவரியில், தலைமை நீதிபதிப் பதவி மறுக்கப்பட்டு, அவருக்கு இளையவரான எம்.எச்.பெய்க் நியமிக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் அதற்கு முன்பே அவர்களின் ஒப்புதலின்றி வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். நீதிமன்றத்தின்மேல் மக்கள் கொண்ட நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி சுதந்திர இந்தியாவில் விழுந்ததில்லை என்றே கூற வேண்டும். 1976-இன் அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் முறைப்படி அறிவித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்றுதான்.

அந்த அனுபவத்தின் எதிர்வினை, முதனை நிகழ்ச்சி நடந்த 1993-ஆம் ஆண்டிலேயே இரு தீர்ப்புகளில் வெளிப்பட்டது. ஒடிசாவில் போலீஸ் காவலில் இருந்த 22 வயது இளைஞர் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தது குறித்து அவருடைய தாய் நீலபதி பெஹெரா எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற உச்ச நீதிமன்றம், காவலில் நேரும் மரணத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும் என்று கூறி, 1,50,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. அத்தீர்ப்பின் நாள் 1993 மார்ச் 24, ராஜாக்கண்ணு காணாமற்போன அதே மாதம். அந்த ஆண்டு அக்டோபர் 6 அன்று வந்த மற்றொரு தீர்ப்பு, நீதிபதிகளின் நியமனத்திலும் இடமாற்றத்திலும் அரசுக்கு இருந்த மேலாதிக்கத்தை விலக்கி, மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்திடம் இறுதிச் சொல்லை ஒப்படைத்தது. கதவை மூடிக்கொண்டு முடிவெடுக்கும் கொலீஜியத்தின்மேல் எழும் குறைகள் நியாயமானவையே. ஆயினும் 1976-இன் இடமாற்றங்களை மறந்துவிட்டு அதை மதிப்பிடுவது சரியாகாது.

முதனை வழக்கில் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுக்கும் குற்ற விசாரணைக்கும் ஆணையிட்டது. காவலர்களுக்கு 14 ஆண்டுச் சிறைத் தண்டனை என்று முடிவானது 2006-இல், நிகழ்ச்சி நடந்து 13 ஆண்டுகள் கழித்து. வழக்கை நடத்திய சந்துரு உயர் நீதிமன்ற நீதிபதியானதும் அந்த 2006-ஆம் ஆண்டில்தான்; தமக்கு முன்னே செங்கோல் ஏந்திச் செல்லும் டவாலி வேண்டாம் என்று அவர் விலக்கியது அந்நாளில் பேசப்பட்டது.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாதது கீழ்நிலை நடுவர் மன்றம். கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஏழை ஒருவர் நீதித்துறையை முதன்முதலில் காணும் இடம் அதுவே. அடிபட்டவரின் உடலைப் பார்த்து, ‘யார் அடித்தார்’ என்று கேட்க வேண்டியவரும் அந்த நடுவரே. ராஜாக்கண்ணுவை அங்கே கொண்டு செல்லவே இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கைதான தந்தையும் மகனும் நடுவரின் ரிமாண்ட் உத்தரவு பெற்றே கோவில்பட்டி கிளைச் சிறைக்குச் சென்றனர். சில நாட்களில் இருவரும் இறந்தனர். உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு தானாகவே வழக்கைக் கையில் எடுத்து, கோவில்பட்டி நடுவரை விசாரணைக்கு அனுப்பி, அவருக்குக் காவலர்கள் ஒத்துழைக்க மறுத்ததை அறிந்ததும், அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் வைக்கச் செய்தது. அத்தகைய ஆணைக்குத் தமிழகத்தில் எளிதில் முன்னுதாரணம் காட்ட இயலாது. முதனையிலும் சாத்தான்குளத்திலும் உயர் நீதிமன்றம் சுதந்திரமாகவே செயல்பட்டது. இரண்டிலும் அது செயல்படத் தொடங்கியபோது, காவலில் இருந்தவர்கள் உயிரோடு இல்லை.