பனித்திடலின் ஓரத்தில் ஓர் இருக்கை



வரலாற்றுப் பாடம் நடத்தும்போது நாம் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டி, "இதோ பாருங்கள், இப்படித்தான் நடந்தது" என்று கூறிவிடுகிறோம். மாணவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். அப்படத்தை எடுத்தவர் யார், எங்கே அமர்ந்திருந்தார், அவர் கருவியால் எதைப் பிடிக்க முடிந்தது, எதைப் பிடிக்க முடியவில்லை என்று நாமும் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. இக்கேள்விகளின் அருமையை எனக்கு உணர்த்தியது, நம் வெப்ப நாட்டுக்குச் சற்றும் ஒட்டாத ஒரு விளையாட்டின் புகைப்பட வரலாறு. கனடா நாட்டினர் உயிராய் நேசிக்கும் பனி ஹாக்கியைத்தான் சொல்கிறேன்.

முதலில் அத்திடலைச் சிறிது அறிந்துகொள்வோம். வட அமெரிக்கத் திடல் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. பந்துக்குப் பதிலாக 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடித்து ஆடுகின்றனர். ஆட்டத்தில் அது துள்ளாதிருக்க முன்னதாகவே உறைய வைக்கப்படுகிறது. வலிய ஆட்டக்காரர் அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கும். கணக்குப் பாடத்துக்கு உதவும் ஒரு செய்தி: அவ்வேகத்தில், ஒரு நொடியின் 500இல் ஒரு பங்கு நேரத்துக்குள் வட்டு ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் கடந்துவிடும். அதாவது, தன் விட்டத்தைவிட அதிகத் தொலைவு. அந்நேர அளவில் எடுக்கும் படத்தில் அது வெறும் கறுப்புக் கோடாகவே தெரியும்.

இன்னொரு இடர், பனியின் வெண்மை. ஒளியை அளக்கும் கருவி உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே அளக்கிறது. வெண்பனியைக் கண்டதும் ஒளி மிகுந்துவிட்டதாகத் தவறாகக் கருதிப் படத்தை இருட்டாக்கிவிடுகிறது. ஆகவே திடலோரத்துப் புகைப்படக்காரர் கருவி சொல்வதை நம்பாமல், அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஒளியை உள்ளே விட வேண்டும்.

அறிவியல் இவ்வளவு வளர்ந்த நாளிலேயே இத்தனை இடர் என்றால், தொடக்கக் காலத்தில் என்ன செய்திருப்பார்கள்? இங்கேதான் வில்லியம் நோட்மன் என்பவரைச் சந்திக்கிறோம். 1826இல் ஸ்காட்லாந்தில் பிறந்து 1856இல் மாண்ட்ரியால் நகருக்குக் குடியேறியவர். அந்நகரின் விக்டோரியா பனித்திடலில் 1870இல் ஒரு பெரிய சறுக்குக் கேளிக்கை நடந்தது. அன்றைய கருவிகளால் அசையும் மனிதரை, அதுவும் மங்கிய உள்ளரங்க ஒளியில், படமெடுக்க இயலாது. நோட்மன் என்ன செய்தார்? வந்தவர்களைத் தனித்தனியே தம் படப்பிடிப்புக் கூடத்துக்கு அழைத்து, சறுக்குவதுபோல் அசையாமல் நிற்கவைத்துப் படமெடுத்தார். பின்னர் அப்படங்களை வெட்டி, அரங்கின் பின்னணி மீது ஒட்டி, வண்ணம் தீட்டினார். நூற்றுக்கணக்கானோர் கூடிச் சறுக்கும் அப்பெரும்படத்தில் உள்ள எவரும் அப்படம் காட்டும் நொடியில் அங்கே இருந்ததில்லை!

அதே விக்டோரியா திடலில்தான் 1875 மார்ச் 3ஆம் நாள், வரலாற்றில் பதிவான முதல் உள்ளரங்கப் பனி ஹாக்கி ஆட்டம் நடைபெற்றது. எனவே அவ்விளையாட்டின் தொடக்கக் காலத்தை இப்படி ஒட்டி உருவாக்கிய படங்களின் வழியாகவும் காண வேண்டியுள்ளது. அவற்றைப் பொய் என்று தள்ளிவிடலாமா? தள்ள இயலாது. உடை உண்மை, முகம் உண்மை, அரங்கம் உண்மை. கணம் ஒன்றுதான் கற்பனை. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. நோட்மனின் கூடத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எண் இட்டு, யாருடையது என்று ஏட்டில் எழுதி வைத்தனர். அதனால்தான் அவருடைய தொகுப்பு மாண்ட்ரியாலின் மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகிறது.

அடுத்த தலைமுறையில் புகைப்படக்காரர் திடலின் ஓரத்துக்கே வந்துவிட்டார். டொராண்டோவில் லூ, நாட் என்னும் டுரோஃப்ஸ்கி சகோதரர் இருவர், தம் கனத்த கருவிகளுடன் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் பல்லாண்டுகள் பணியாற்றினர். தொடர்ந்து பல படங்களைச் சுட்டுத்தள்ளும் வசதி அக்காலத்தில் இல்லை. ஒரு தாள் படலத்தில் ஒரே ஒரு படம். அழுத்தினால் அழுத்தியதுதான். அடுத்த தாளை ஏற்றுவதற்குள் ஆட்டம் மறுமுனைக்குப் போய்விடும்.

1951 ஏப்ரல் 21ஆம் நாள் ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம் நடந்தது. அச்சுற்றின் ஐந்து ஆட்டங்களும் கூடுதல் நேரம் வரை சென்றவை. கூடுதல் நேரத்தில் 2 நிமிடம் 53 நொடி ஆனபோது, டொராண்டோவின் தடுப்பாட்டக்காரர் பில் பரில்கோ பாய்ந்து வந்து அடித்தார். மாண்ட்ரியால் கோல்காவலர் ஜெரி மெக்நீல் சாய, வட்டு வலைக்குள் புகுந்தது. பரில்கோ கால் தரையில் பாவாமல் அந்தரத்தில் பாய்ந்த நிலையில் இருப்பதை நாட் டுரோஃப்ஸ்கியின் படம் காட்டுகிறது.

அது பரில்கோவின் கடைசிக் கோல். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், மீன்பிடிக்கச் சென்று திரும்பிய வழியில் அவர் பயணம் செய்த சிறு வானூர்தி வட ஒண்டாரியோவின் காடுகளில் காணாமற்போனது. அவருக்கு வயது 24. டொராண்டோ அணி அடுத்துக் கிண்ணம் வென்றது 1962 ஏப்ரலில். சில வாரங்கள் கழித்து, அதே ஆண்டு ஜூன் மாதம்தான் வானூர்தியின் சிதைவும் கண்டெடுக்கப்பட்டது. பதினோரு ஆண்டுகள் ஒரு மகனின் சுவடே தெரியாமல் காத்திருந்த குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வெற்றியைச் சொல்ல எடுத்த படம் ஒரு நினைவுச் சின்னமாகிவிட்டது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பார்ப்பவர் அறிந்த செய்தி மாறியதால் படத்தின் பொருளும் மாறியது.

மறு ஆண்டு, 1952 ஏப்ரல் 8ஆம் நாள், மாண்ட்ரியால் ஃபோரம் அரங்கில் எடுத்த படம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். ஆட்டத்தின் நடுவே தலையில் அடிபட்டு நினைவிழந்த மோரிஸ் ரிச்சர்ட், காயத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பிவந்து வெற்றிக் கோலை அடித்தார். ஆட்டம் முடிந்ததும் முகத்தில் குருதி வழிய நிற்கும் அவருடைய கையை, கண் வீங்கிய பாஸ்டன் கோல்காவலர் ஜிம் ஹென்றி தலை குனிந்து பற்றுகிறார். லா பிரெஸ் நாளேட்டின் ரோஜர் சான்-ஜான் எடுத்த படம் அது. கோல் விழுந்ததும் கருவியை மூடி வைத்திருந்தால் இப்படம் கிடைத்திருக்காது. ஆயினும் பெற்றோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தலையில் அடிபட்டு நினைவிழந்தவரை மீண்டும் ஆடவிடுவதை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. அன்று வீரமாகத் தெரிந்தது இன்று நமக்கு அச்சமூட்டுகிறது. இப்படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பனி ஹாக்கிப் படங்களுள் மிகவும் புகழ்பெற்றவற்றுள் ஒன்று, 1970 மே 10ஆம் நாள் பாஸ்டன் கார்டன் அரங்கில் பிறந்தது. கூடுதல் நேரம் தொடங்கி 40 நொடிகளே ஆன நிலையில் பாபி ஓர் கோல் அடித்தார். செயின்ட் லூயிஸ் அணியின் நோயல் பிக்கார்டின் மட்டை காலில் தட்ட, கைகளை உயர்த்தியபடியே ஓர் காற்றில் பறந்தார். ரெக்கார்டு அமெரிக்கன் நாளேட்டின் ரே லூசியர் அக்காட்சியைப் பிடித்தார். 29 ஆண்டுகளுக்குப் பின் பாஸ்டனுக்குக் கிண்ணம் கிடைத்தது. 2010இல் அந்தப் பறக்கும் தோற்றமே அந்நகரில் வெண்கலச் சிலையாயிற்று.

லூசியர் அமர்ந்திருந்த இருக்கை அவருடையது அன்று என்பது பலராலும் சொல்லப்படும் செய்தி. வெப்பம் மிகுந்த அந்நாளில் வேறொரு புகைப்படக்காரர் தாகம் தணிக்க எழுந்து போக, காலியான இருக்கையில் லூசியர் அமர்ந்தாராம். நற்பேறு என்று கூறலாம். ஆனால் கோல் அம்முனையில் விழக்கூடும் என்று கணித்து அரங்கின் மறுபக்கத்திலிருந்து நடந்து வந்தவர் அவரே. வாய்ப்பு வந்த இடத்தில் ஆயத்தமாக இருந்ததும் அவரே.

இன்னொரு நுட்பம்: அப்படம் கோல் விழுந்த கணத்தைக் காட்டவில்லை. ஓர் பறக்கும்போது கோல் ஏற்கெனவே விழுந்து முடிந்துவிட்டது. ஆனால் மக்கள் நினைவில் "பறந்துகொண்டே கோல் அடித்தார்" என்றே பதிந்துவிட்டது. படம் நினைவைக் காப்பது மட்டுமன்று, சில வேளைகளில் நினைவைத் திருத்தியும் எழுதிவிடுகிறது.

1972 செப்டம்பர் 28ஆம் நாள் மாஸ்கோவில் கனடாவும் சோவியத் ஒன்றியமும் எட்டாவது ஆட்டத்தில் மோதின. ஆட்டம் முடிய 34 நொடிகள் இருக்கும்போது பால் ஹெண்டர்சன் அடித்த கோலால் கனடா 6-5 என வென்றது. ஹெண்டர்சனை இவான் கூர்னுவாயே கட்டியணைக்கும் காட்சியை டொராண்டோ ஸ்டார் நாளேட்டின் ஃபிராங்க் லென்னன் எடுத்தார். கனடாவில் அப்படத்தை அறியாதவர் அரிது. ஏறக்குறைய அதே காட்சியை அதே கணத்தில் டெனி புரோடரும் எடுத்தார். இவர் 1956 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற கனடா அணியின் கோல்காவலர். பின்னாளில் புகழ்பெற்ற கோல்காவலர் மார்ட்டின் புரோடரின் தந்தை. ஒரு கணத்துக்குச் சாட்சிகள் இருவர் இருந்தும், பொதுமக்கள் நினைவில் பெரும்பாலும் ஒருவர் பெயரே நிற்கிறது.

இன்று திடலைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு நிற்கிறது. மூலைகளில் புகைப்படக்காரருக்கென்று சிறு துளைகள் விட்டிருக்கின்றனர். கூரையில் பொருத்திய மின்னொளி விளக்குகளைத் தொலைவிலிருந்தே இயக்குகின்றனர். 2002 மார்ச்சில் கொலம்பஸ் நகர அரங்கில் பாய்ந்த வட்டு பட்டு 13 வயதுப் பார்வையாளர் ஒருவர் இறந்தபின், கோல் முனைகளுக்கு மேலே பாதுகாப்பு வலையும் கட்டாயமாக்கப்பட்டது. திடலோரம் என்றும் ஆபத்தான இடமே.

இவற்றையெல்லாம் நம் வகுப்பறைக்கு எப்படிக் கொண்டுவருவது? பாடநூலில் உள்ள எந்தப் படத்தையும் காட்டும்போது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லலாம். எடுத்தவர் எங்கிருந்து பார்த்தார்? இக்கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது? சட்டத்துக்கு வெளியே விடுபட்டவர் யார்? இவற்றுக்கு விடை தேடும் மாணவர், மனப்பாடம் செய்யும் மாணவரைவிட ஒரு படி மேலே நிற்பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டுரோஃப்ஸ்கி சகோதரர்களின் படங்கள் இன்று டொராண்டோவின் ஹாக்கி புகழ்மாடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நம் தமிழ்ப்பள்ளிகளின் அலமாரிகளிலோ, பழைய விளையாட்டுப் போட்டிப் படங்கள் பெயரும் ஆண்டும் இல்லாமல் கிடக்கின்றன. கோப்பையை ஏந்தி நிற்கும் அச்சிறுமி யார்? ஓரத்தில் நிற்கும் ஆசிரியர் யார்? சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதி வையுங்கள். பள்ளி விடுமுறையில் ஒரு மாலைப் பொழுது போதும்.