முட்டையை உறங்கவைத்தது யார்?

பட்டுப்புழுவின் முட்டைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, இட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிந்து புழுவாகும். இன்னொரு வகை ஓரிரு நாளில் கருமை ஏறி, உள்ளே கரு வளர்வதை நிறுத்திவிடும். குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே அது மீண்டும் வளரும். ஒரே இனத்துப் பெண் அந்துப்பூச்சி இதையும் இடும், அதையும் இடும். அந்த உறக்கத்துக்கு ஆணையிடும் ஹார்மோனை முதலில் கண்டவர் யார், எங்கே கண்டார் என்பதைத் தேடியே பழைய ஆய்விதழ்களுக்குள் இறங்கினேன்.

பிற்காலக் கட்டுரைகள் பல 1957-ஐக் காட்டின. அந்த ஆண்டு 'நேச்சர்' இதழில் கின்சாகு ஹாசெகாவா எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு அது. உறக்க ஹார்மோன் அடங்கிய சாற்றைப் பிரித்தெடுத்து, உறங்காத முட்டை இடவிருந்த கூட்டுப்புழுக்களில் அவர் செலுத்தினார். அவை உறங்கும் முட்டைகளை இட்டன. தெளிவான சோதனைதான். ஆனால் அது ஒரு வேட்டையின் தொடக்கம்போல் இல்லை. எந்த உறுப்பிலிருந்து சாறு எடுக்கவேண்டும் என்பதை அந்த மனிதர் ஏற்கெனவே அறிந்திருந்தார். அந்த அறிவு வந்த வழியைத் தேட வேண்டியிருந்தது.

வழி ஜப்பான் அகாதெமியின் நடவடிக்கைகள் இதழுக்குப் போனது. 1951, தொகுதி 27. பக்கம் 667 முதல் 671 வரை ஹாசெகாவா. பக்கத்தைப் புரட்டினால் 672 முதல் 677 வரை இன்னொருவர்: சோய்ச்சி ஃபுகுடா. இருவரும் ஒரே உறுப்பைச் சுட்டுகிறார்கள். மூளைக்குச் சற்றுக் கீழே, உணவுக்குழலுக்கு அடியில் இருக்கும் சிறு நரம்புமுடிச்சு அது. அந்த முடிச்சை எடுத்து, உறங்காத முட்டை இடவேண்டிய கூட்டுப்புழுவில் பதியவைத்தால், அது உறங்கும் முட்டை இடுகிறது. ஒரே தொகுதியில், அடுத்தடுத்த பக்கங்களில், இருவர் தனித்தனியாக எட்டிய ஒரே முடிவு!

அந்தச் சமயத்தில் இந்த முடிச்சை யாரும் சந்தேகிக்கக் காரணம் இல்லை. எல்லோர் கண்ணும் மூளைமேல்தான். போலந்து அறிஞர் ஸ்டெஃபான் கோபெச், கம்பளிப்புழு கூட்டுப்புழுவாக மாற மூளையிலிருந்து ஏதோ ஒன்று வரவேண்டும் என்று 1917-லேயே காட்டியிருந்தார். ஹார்வர்டில் கேரல் வில்லியம்ஸ், செக்ரோப்பியா என்னும் பெரிய பட்டு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு உறக்கத்தை ஆராய்ந்து 1946-லும் 1947-லும் எழுதினார். குளிர் கண்ட மூளையை உறங்கும் கூட்டுப்புழுவில் வைத்தால் அது விழித்து வளர்கிறது. மூளையின் ஹார்மோன் முன்மார்புச் சுரப்பியைத் தூண்டினால்தான் வளர்ச்சி. அந்த ஹார்மோன் வராதவரை உறக்கம். முன்மார்புச் சுரப்பியின் பங்கைப் பட்டுப்புழுவில் 1940-இல் காட்டியவர் இதே ஃபுகுடாதான். ஆக, உறக்கம் என்றால் ஏதோ ஒரு ஹார்மோன் இல்லாமை என்று நினைக்க அவருக்கு மற்றவர்களைவிடக் காரணம் அதிகம். பட்டுப்புழு முட்டையில் அவர் கண்டதோ தலைகீழ்: ஹார்மோன் வருவதால்தான் உறக்கம்.

மூளை இந்த வழக்கிலிருந்து விடுபடவில்லை. அதன் பங்கு வேறாக இருந்தது. ஃபுகுடாவின் 1951, 1952 கட்டுரைகளைச் சேர்த்துப் படித்தால் அது விளங்குகிறது. மூளைக்கும் கீழ் முடிச்சுக்கும் இடையே உணவுக்குழலின் இருபுறமும் நரம்பு இணைப்புகள் செல்கின்றன. உறங்காத முட்டை இடவேண்டிய பெண்ணில் அந்த இணைப்புகளை அறுத்தால், அது உறங்கும் முட்டை இடுகிறது. அறுத்ததனால் புதிதாக எதுவும் உண்டாகியிருக்க முடியாது. முடிச்சில் ஹார்மோன் முன்பே இருந்திருக்கிறது, மூளை அதை வெளியே விடாமல் தடுத்திருக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இவ்வளவு குறைந்த செயலில் இவ்வளவு பெரிய உண்மையைச் சொன்ன சோதனை வேறில்லை.

1951-க்கும் பின்னால் போனால் தடயங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஜப்பானிய ஆட்சியிலிருந்த கொரியாவின் பட்டு ஆய்வு நிலைய இதழில் 1926-இல் உமெயா ஒரு கட்டுரை எழுதினார். ஓர் இனத்தின் சூலகத்தை மற்றோர் இனத்துப் புழுவில் பதியவைத்த சோதனை அது. முட்டையின் குணத்தைச் சூலகம் தானாக முடிவுசெய்வதில்லை, அது குடியேறிய உடலின் பங்கும் உண்டு என்பது அதன் பொருள். உடலுக்குள் ஓடும் ஏதோ ஒன்று செய்தி சுமக்கிறது என்ற எண்ணம் இந்த உறக்க ஹார்மோனுக்குப் பெயர் வருமுன்பே வந்துவிட்டது.

அதற்கும் முன்னால் கமெத்தாரோ தோயாமா. பட்டுப்புழுவில் மெண்டலின் விதிகளைச் சோதித்தவர். தாய்வழி மரபு பற்றிய அவருடைய கட்டுரை 1913-இல் வந்தது. ஆண்டுக்கு ஒரு தலைமுறை காணும் இனத்தையும் பல தலைமுறை காணும் இனத்தையும் கலந்தால், முட்டை உறங்குமா என்பது தாயைப் பொறுத்தே அமைகிறது. அந்த முட்டையின் உறக்கத்தில் தந்தைக்குப் பேச்சே இல்லை. கரு உருவாகுமுன், தாயின் வயிற்றில் சூல் முதிரும்போதே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

அந்தத் தாய்க்குப் பருவம் எப்படித் தெரியும்? 1933-இல் கொகுரே வெளியிட்ட நீண்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் இனத்தில், தாயே கருவாக இருந்தபோது பட்ட வெப்பமும் வெளிச்சமும்தான் கணக்கு. 25 டிகிரி செல்சியஸில் வெளிச்சத்தில் பேணிய முட்டையிலிருந்து வந்த பெண் உறங்கும் முட்டை இடும். 15 டிகிரியில் இருட்டில் பேணியதிலிருந்து வந்த பெண் உறங்காத முட்டை இடும். முட்டைக்குள் இருந்தபோது உணர்ந்ததை அது புழுப் பருவம் முழுவதும் சுமந்து சென்று அடுத்த தலைமுறைக்குத் தருகிறது. அந்த வெப்பத்தைக் கரு உணரும் வாயிலையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ 21 டிகிரிக்கு மேல் திறக்கும் டிஆர்பிஏ1 என்னும் புரதம் அது.

ஜப்பானில் இத்தனை பேர் இந்த ஒரு கேள்வியைத் துரத்தியதற்குப் பிழைப்பே காரணம். முட்டை எப்போது பொரிகிறதோ அப்போதுதான் புழு வளர்க்க முடியும். குன்மா மாநிலத்தின் அராஃபுனேயில் பாறை இடுக்குகளிலிருந்து வரும் குளிர்காற்றை வைத்து 1905 முதல் முட்டைக் கிடங்குகள் கட்டினார்கள். பொரிப்பைத் தள்ளிப்போட்டு, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் புழு வளர்க்க அவை உதவின. 2014-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாயின. தமிழ்நாட்டின் வெண்பட்டு விவசாயிக்கும் இந்தக் கதையோடு தொடர்புண்டு. அவருக்கு வரும் முட்டைகள் உறங்கிவிடாமல் இருக்க, இட்ட ஏறத்தாழ 20 மணி நேரத்தில் முட்டை உற்பத்தி செய்யும் வித்தகத்தில் அவற்றை 46 டிகிரிச் சூட்டிலுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்தாறு நிமிடம் முக்கி எடுக்கிறார்கள். தாய் தந்த ஆணையை அமிலம் ரத்துசெய்கிறது.

ஆணை என்ன செய்கிறது? ஹார்மோன் வளரும் சூலகத்தை அடைந்து டிரெஹலேஸ் என்னும் நொதியை முடுக்குகிறது. தாயின் இரத்தச் சர்க்கரை முட்டைக்குள் கிளைக்கோஜனாகச் சேர்கிறது. உறக்கம் தொடங்கியதும் அந்தக் கிளைக்கோஜன் சார்பிட்டாலாகவும் கிளிசராலாகவும் மாறுகிறது என்று சினோ 1957-இல் காட்டினார். குளிரைத் தாங்கும் சரக்கு அது.

தேடலின் கடைசித் தாள் மறுபடி அதே ஜப்பான் அகாதெமி இதழில்தான் கிடைத்தது. 1991-இல் ஹார்மோனின் அமைப்பு அங்கே வெளியானது: 24 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நரம்புப் பெப்டைடு. ஆசிரியர் பட்டியலின் கடைசியில் யமாஷிதா. அவருக்கு முன் ஹாசெகாவா. 1951-இல் முடிச்சைக் காட்டியவரின் பெயர், 40 ஆண்டுக்குப் பிறகு அதன் வேதியியல் முகவரியிலும் நிற்கிறது. இரண்டு ஆண்டில் மரபணுவும் கிடைத்தது. ஆண் பூச்சியை அழைக்கும் மணத்தைச் சுரக்கத் தூண்டும் பெப்டைடும் அதே மரபணுவிலிருந்துதான் வருகிறது.

என் முடிவு இது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 1957-ஐ மட்டும் மேற்கோள் காட்டுவது நியாயம் ஆகாது. 667 முதல் 677 வரை பதினொரு பக்கங்களையும் சேர்த்துக் காட்டவேண்டும், ஃபுகுடாவின் பெயரோடு. அப்போதுதான் படிப்பவருக்கு இன்னொன்றும் புரியும்: செக்ரோப்பியாவின் உறக்கத்தை விளக்கிய விதி பட்டு முட்டைக்குப் பொருந்தவில்லை. பூச்சிகளின் உறக்கத்துக்குப் பொதுவான ஒரே ஹார்மோன் விதி கிடையாது. எந்த உயிர், எந்தப் பருவத்தில் உறங்குகிறது என்று தனித்தனியே கேட்கவேண்டும். அப்படிக் கேட்ட இருவர் அந்தத் தொகுதியில் அருகருகே இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்து எழுதுவதற்கு நமக்குக் காரணம் இல்லை.